எதிரொலியும் இழுவைமடியும்

இலங்கையின் ஒன்பது மாகாணங்களில் நான்குக்குக் கடற்கரை கிடையாது. ஊவா அவற்றில் ஒன்று. நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளில் பலர் பாடசாலைச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறார்கள். ஆனால் கடல் தந்ததைச் சாப்பிடாத லயம் எதுவும் இங்கே இல்லை. சம்பளம் கிடைத்த வாரத்தில் பசறை பஜாருக்கு இறங்கினால் நெத்தலிக் கருவாடும் கட்டாக் கருவாடும் டின் மீனும் கட்டாயம் பையில் ஏறும். கிழக்கே மொனராகலை வழியாகப் பாதை பொத்துவில் கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து மீன் இந்த மலைக்கு ஏறிவருவதும் புதிய சங்கதி அல்ல. கொழுந்து எடுத்து உடம்பு ஓய்ந்தவர்களுக்குப் புரதம் கிடைக்கும் மிக எளிய வழி இந்தக் கடல்மீன்தான்.

கருவாட்டின் விலை ஏறும்போது டீசல், டொலர், வரி, மழை என்று பல காரணங்கள் பேசப்படும். ஒரு கேள்வி மட்டும் கடைவாசலில் கேட்கப்படுவதில்லை: கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது? விலையைவிட ஆழமான கேள்வி அது. அதற்கு விடை தேட மனிதர் உருவாக்கிய இரண்டு கருவிகளின் கதைதான் இந்த அத்தியாயம். ஒன்று ஒலி, மற்றது வலை.

பிடிபட்ட மீன் சொல்லாதது

கரைக்கு வந்த மீனை நிறுத்துப் பார்த்தாலே போதாதா? போதாது. மீனவர் மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறவர். கடலில் பாதி மீன் அழிந்துபோனாலும் மிச்சமுள்ளவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் அங்கே போடும் வலை நிறைந்துதான் வரும். படகு பெரிதாகலாம், இயந்திரம் வலுவாகலாம், பயணம் ஒரு நாளிலிருந்து ஒரு மாதமாக நீளலாம். கரையில் குவியும் தொன் கணக்கு குறையாமலே இருக்கும், கடல் மட்டும் காலியாகிக்கொண்டு போகும்.

இது நடந்தே இருக்கிறது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் வாழ்ந்த கொட் மீன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்குச் சோறு போட்டது. 1968இல் அங்கே 8 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1980களில் ஆய்வுக் கப்பல்களின் கணக்கு கவலை தரும் விதமாக இருந்தது. பெரிய இழுவைக் கப்பல்களின் கணக்கோ மீன் நிறைய இருப்பதாகக் காட்டியது. இரண்டையும் கலந்து எடுத்த மதிப்பீடு உண்மையைவிட மிக உயர்ந்து நின்றது, அனுமதித்த அளவும் அதற்கேற்ப உயர்ந்தது. 1992 ஜூலை 2ஆம் திகதி கனடிய அரசு அந்த மீன்பிடியை முற்றாக நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. தடை முழுதாக நீங்க 32 ஆண்டுகள் எடுத்தன. மீன் வளம் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

மீன்பிடிக் கலங்களின் கணக்கை நம்பியிராத, தனியான ஓர் ஆய்வு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆய்வுக் கப்பல் மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில்லை. முன்கூட்டியே வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டு, மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கோட்டின் வழியே போகும். மீன் இல்லாத இடத்தையும் பதிவு செய்வதில்தான் அதன் பெறுமதி இருக்கிறது.

கடலுக்குள் கண் பயன்படாது, காது பயன்படும்

கடலுக்குள் வெளிச்சம் வெகுதூரம் போகாது. மிகத் தெளிந்த நீரிலும் 200 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி ஏறக்குறைய இல்லை. வானொலி அலைகளை உப்புநீர் விழுங்கிவிடும். ஒலி மட்டும் நீரில் செழித்து ஓடும். காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்கிறது.

கப்பலின் அடியில் பொருத்திய கருவி கீழ்நோக்கி ஒரு சிறு ஒலித் துடிப்பை அனுப்பும். வழியில் எதிலாவது பட்டால் எதிரொலி திரும்பும். அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் இடையில் பத்தில் ஒரு விநாடி கழிந்திருந்தால், ஒலி போக வர 150 மீற்றர் ஓடியிருக்கிறது. அப்படியானால் அந்தப் பொருள் 75 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. நேர் கீழே பார்க்கும் இந்தக் கருவியை மீனவர் எக்கோ சவுண்டர் என்பார்கள். பக்கவாட்டில் சுற்றிலும் தேடுவது சோனார். மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கச் சோனார் உதவும். எவ்வளவு என்று கணக்கிடப் பெரும்பாலும் எக்கோ சவுண்டரையே நம்புகிறார்கள்.

1935இல் நோர்வே விஞ்ஞானி ஒஸ்கார் சுண்ட், ஜோஹான் ஜோர்ட் என்ற ஆய்வுக் கப்பலில் லொபோட்டன் தீவுகளுக்கு அருகே கொட் மீன் கூட்டங்களின் எதிரொலியைக் காகிதத்தில் பதிந்து வெளியிட்டார். முட்டையிட வந்த மீன்கள் நீரின் நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் நின்றது அந்தத் தாளில் தெரிந்தது. கடலடியின் ஆழம் அளப்பதற்கென்று வந்த கருவி இப்படி மீனையும் பார்க்கத் தொடங்கியது.

மீனின் உடலில் எது ஒலியைத் திருப்பி அனுப்புகிறது? சதையும் நீரும் அடர்த்தியில் நெருக்கமானவை என்பதால் சதை ஒலியை அதிகம் தடுக்காது. பல மீன்களின் வயிற்றுக்குள் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அதனால் காற்றுப்பை உள்ள மீனிலிருந்து வரும் எதிரொலியில் 90 வீதத்துக்கு மேல் அந்தச் சிறு பையிலிருந்துதான் வருகிறது. சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப்பை இல்லை. நம் சந்தையில் பலயா என்று விற்கும் வரிச்சூரைக்கும் இல்லை. அவை எக்கோ சவுண்டருக்கு மங்கலாகவே தெரியும். ஆகவே, திரையில் பளிச்சென்று தெரிவதெல்லாம் பெரிய மீன் என்றும், மங்கலாய்த் தெரிவதெல்லாம் சின்ன மீன் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஒலியின் சுருதியும் முக்கியம். உலகெங்கும் மீன் கணக்கெடுப்பில் அதிகம் பயன்படுவது 38 கிலோஹேர்ட்ஸ். நீரில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர். 200 கிலோஹேர்ட்ஸில் அது முக்கால் சென்ரிமீற்றராகக் குறையும். குறைந்த சுருதி ஆழமாகப் போகும், உயர்ந்த சுருதி நுண்ணிய உயிர்களையும் காட்டும், ஆனால் சீக்கிரமே தேய்ந்துபோகும். காற்றுப்பை உள்ள மீனும் கூனியிறால் போன்ற சிறு உயிர்களும் ஒவ்வொரு சுருதிக்கும் வெவ்வேறு விதமாகப் பதில் தரும். அதனால் இன்றைய ஆய்வுக் கப்பல்கள் ஐந்தாறு சுருதிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு, பதில்களை ஒப்பிட்டு, எது மீன் எது மிதவை உயிரி என்று பிரித்தறிகின்றன.

துல்லியமான ஓர் உருண்டை

எந்த நிறுவையையும் முதலில் படிக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எக்கோ சவுண்டருக்குப் படிக்கல் ஒரு சிறிய உலோக உருண்டை. செம்பில் செய்தால் 38 கிலோஹேர்ட்ஸுக்கு 60 மில்லிமீற்றர் விட்டம். தங்ஸ்தன் காபைட்டில் செய்தது 38.1 மில்லிமீற்றர். இவ்வளவு துல்லியமாக உருண்டை கடைவதற்குக் காரணம், அளவும் பொருளும் தெரிந்த ஓர் உருண்டையிலிருந்து எவ்வளவு எதிரொலி வரவேண்டும் என்பதைப் பௌதிகச் சமன்பாடுகளால் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம் என்பதுதான்.

கணக்கெடுப்புக்கு முன்னே அமைதியான குடாவொன்றில் கப்பலை நங்கூரமிடுவார்கள். கப்பலின் இரு பக்கங்களிலிருந்தும் மூன்று மெல்லிய நைலோன் தங்கூசிகள் இறங்கும். அவை சேரும் இடத்தில், கப்பலின் அடிக்கு நேர் கீழே, உருண்டை தொங்கும். ஒரு தங்கூசியைச் சற்று இழுத்து மற்றொன்றைச் சற்று விட்டு, உருண்டையை ஒலிக்கற்றையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் மெதுவாக நகர்த்துவார்கள். திரையில் தெரியும் அளவு கணக்கிட்ட அளவோடு பொருந்தும்வரை கருவியைச் சரிசெய்வார்கள். பல மணி நேரம் பிடிக்கும் பொறுமையான வேலை இது. இதில் ஏற்படும் சிறு பிழைகூடப் பின்னால் கணக்கிடும் ஒவ்வொரு தொன்னிலும் ஒட்டிக்கொண்டு வரும். இந்த உருண்டை முறை 1980களில்தான் பரவலாக நிலைபெற்றது. அதற்கு முன் செய்த கணக்கெடுப்புகளை இன்றையவற்றோடு ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

எதிரொலியிலிருந்து தொன்னுக்கு

இனி மையமான கணக்குக்கு வருவோம். கூட்டமாய்ப் போகும் ஆயிரக்கணக்கான சூடை மீன்களைத் திரையில் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரு கறுத்த மேகமாகத்தான் தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையின் மொத்த நிறையும் ஒரு கொழுந்தின் நிறையும் தெரிந்தால் கூடைக்குள் எத்தனை கொழுந்து என்று எண்ணாமலே சொல்லிவிடலாம் அல்லவா? விஞ்ஞானிகள் செய்வதும் அதுதான். மேகம் முழுவதும் அனுப்பிய எதிரொலியைக் கூட்டுகிறார்கள். அந்த இனத்தின் ஒரு மீன் அனுப்பும் எதிரொலியால் அதை வகுக்கிறார்கள். கிடைப்பது மீன்களின் எண்ணிக்கை. அதை ஒரு மீனின் சராசரி நிறையால் பெருக்கினால் கிலோ கணக்கு வந்துவிடும்.

ஒரு மீனின் எதிரொலி அதன் நீளத்தின் வர்க்கத்தோடு ஏறத்தாழ ஒத்து வளர்கிறது. நிறையோ நீளத்தின் கனத்தோடு வளர்கிறது. 10 சென்ரிமீற்றர் மீனைவிட 20 சென்ரிமீற்றர் மீனின் எதிரொலி நான்கு மடங்கு, நிறை எட்டு மடங்கு. இப்போது கப்பலுக்குக் கீழே இருப்பவை உண்மையில் 10 சென்ரிமீற்றர் மீன்கள் என்றும், அவை 20 சென்ரிமீற்றர் என்று நாம் நினைத்துவிட்டோம் என்றும் வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையை நான்கில் ஒன்றாகக் குறைத்துச் சொல்வோம், ஒவ்வொன்றின் நிறையை எட்டு மடங்காகக் கூட்டிவிடுவோம். விடை உண்மையைப்போல் இரு மடங்காகும். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், மீனின் நீளம் தவறானால் தொன் கணக்கும் தவறுதான்.

நீளத்தை எக்கோ சவுண்டர் நம்பகமாகச் சொல்லாது. பெயரையும் சொல்லாது. அதற்குத்தான் வலை வேண்டும்.

வலையின் சாட்சியம்

திரையில் ஒரு கூட்டம் தெரிந்ததும் கப்பல் வேகத்தைக் குறைத்து இழுவைமடியை இறக்கும். நடுநீரில் நிற்கும் மீனுக்கு ஒரு வகை மடி, தரையோடு ஒட்டி வாழும் மீனுக்கு இன்னொரு வகை. மடி மேலே வந்ததும் அதன் நுனியை அவிழ்த்துக் கொட்டுவார்கள். காரல், சூடை, நெத்தலி, கிளாத்தி, கணவாய், நண்டு, பெயர் தெரியாத குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக விழும். அவற்றை இனம் இனமாகப் பிரித்து நிறுப்பார்கள். அளவுகோல் பதித்த பலகையில் மீனின் மூக்கை முனையில் முட்டவைத்து, வால்வரை நீளம் பார்த்து எழுதுவார்கள். வயிற்றைக் கீறி முட்டையின் முதிர்ச்சியைப் பார்ப்பார்கள். குளிர்நாடுகளில் மீனின் செவிக்கல்லை வெட்டி, மரத்தின் வளையம் பார்ப்பதுபோல வயது சொல்லிவிடுவார்கள். நம் கடலில் குளிர்காலம் இல்லாததால் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆகவே இங்கே நீள அளவுகளின் பரம்பலிலிருந்தே வளர்ச்சியை ஊகிக்க வேண்டும். பலகையில் அளந்து எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் வெப்ப நாடுகளில் இரட்டிப்புப் பெறுமதி.

தரையோடு ஒட்டிய மீன்களுக்கு வலையே நேரடி அளவுகோல். கடலடியின் வலுவான எதிரொலி அதற்குச் சற்று மேலே இருக்கும் மீனின் குரலை அமுக்கிவிடும். ஒலிக்கு அது குருட்டு வலயம். அங்கே கணக்கு இப்படிப் போகும்: மடியின் வாய் 18.5 மீற்றர் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. கப்பல் 3 நொட் வேகத்தில் அரை மணி நேரம் இழுக்கிறது. ஓடிய தூரம் ஒன்றரைக் கடல் மைல், அதாவது ஏறத்தாழ 2,780 மீற்றர். பெருக்கினால் துடைத்த பரப்பு ஏறத்தாழ 0.05 சதுர கிலோமீற்றர். அந்த இழுவையில் 100 கிலோ மீன் வந்தால் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2 தொன். இதுபோல் பல இடங்களில் இழுத்துச் சராசரி கண்டு, மொத்தப் பரப்பால் பெருக்குவார்கள்.

வாய்க்கு எதிரே இருந்த மீனெல்லாம் மடிக்குள் வந்துவிட்டது என்ற எடுகோள் இதில் ஒளிந்திருக்கிறது. உண்மையில் சில மேலே தாவித் தப்பும், சில அடியில் நழுவும், சில கப்பலின் இரைச்சல் கேட்டதுமே விலகும். பாறையும் பவளமும் உள்ள தரையில் மடியை இழுக்கவே முடியாது. வெறும் ஒலியை நம்பினால் பெயர் தெரியாது, வெறும் வலையை நம்பினால் மடி போகாத இடம் தெரியாது. ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்போதுதான் நம்பத்தக்க எண் பிறக்கிறது.

வடக்கில் இழுவைப் படகைக் குறிக்கும் ‘ரோலர்’ என்ற சொல்லைக் கேட்டாலே கொதிக்கும் மீனவர்களுக்கு ஒரு விளக்கம் தரவேண்டும். பாக்கு நீரிணையில் தமிழக விசைப்படகுகள் இரவெல்லாம் தரையை வாரிக்கொண்டு போவதும், ஆய்வுக் கப்பல் அங்கங்கே அரை மணி நேரம் இழுத்து, வந்ததையெல்லாம் அளந்து எழுதுவதும் ஒரே வலையின் வெவ்வேறு வேலைகள். 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நோர்வே திட்டம் விசைப்படகையும் இறால் இழுவையையும் இந்தியக் கரைகளில் பரப்பியதில் பெரும் பங்கு வகித்தது. இலங்கை 2017இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. தடை எவ்வளவு நன்மை செய்தது என்று கேட்டால், அதையும் முறையான கணக்கெடுப்பு ஒன்றுதான் சொல்ல முடியும்.

லில்லாவிலிருந்து நான்சன்வரை

இலங்கைக் கடலில் வலைபோட்டு வளம் பார்த்த கதை நூறாண்டுக்கு மேற்பட்டது. 1920 முதல் 1923 வரை லில்லா என்ற இழுவைக் கப்பல் தீவைச் சுற்றிச் சோதனை இழுவைகள் செய்தது. அதன் முடிவுகளை ஏ. எச். மல்பஸ் 1926இல் அறிக்கையாக வெளியிட்டார். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் மேடையும், பருத்தித்துறைக்கு வடகிழக்கே உள்ள பேதுரு மேடையும் இழுவைக்கு ஏற்ற வளமான தரைகள் என்று அந்த ஆய்வுதான் அடையாளம் காட்டியது. 1928இல் புல்புல் என்ற கப்பல் வாட்ஜ் மேடையில் வணிக இழுவை தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அரசாங்கக் கப்பல்கள் அங்கே போய்வந்தன. அந்தக் கப்பல்களின் பிடிப்பை வைத்து மேடையின் உற்பத்தித் திறனை ஆராய்ந்து எஸ். சிவலிங்கமும் கனடியரான மெட்கோபும் 1957இல் கட்டுரை எழுதினார்கள். 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கைக் கடல் எல்லை உடன்பாட்டில் வாட்ஜ் மேடை இந்தியாவின் வசமானது. பல பத்தாண்டு அறிவைச் சேர்த்துவைத்த ஒரு தரையோடு நமக்கிருந்த தொடர்பு அதற்குப்பின் சில ஆண்டுகளில் முடிந்தது.

ஒலியும் வலையும் சேர்ந்த முழுமையான கணக்கெடுப்பு இந்தக் கடலுக்கு வந்தது 1978இல். நோர்வே உதவியோடு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1975இல் தொடங்கிய திட்டத்தின் கப்பல், டொக்டர் ப்ரிட்ஜொப் நான்சன். வளர்முக நாடுகளின் கடல்களை அளந்து தருவதே அதன் பணி. நோர்வேயின் பேர்கன் நகரக் கடல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் இலங்கை விஞ்ஞானிகளும் அதில் சேர்ந்து பணியாற்றினார்கள். 1978 ஓகஸ்ட்-செப்டெம்பரில் ஒரு முறை, 1979 ஏப்ரல்-ஜூனில் ஒரு முறை, 1980 ஜனவரி-பெப்ரவரியில் ஒரு முறை என்று மூன்று பருவங்களில் தீவைச் சுற்றினார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஒருபுறம் கொந்தளிக்கும் கடல், வடகீழ்ப் பருவத்தில் மறுபுறம் கொந்தளிக்கும். மீன் கூட்டங்களும் அதோடு இடம் மாறும். ஆகவே ஒரே பருவத்தில் எடுத்த கணக்கு பாதிக் கணக்குத்தான் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. அன்று கிடைத்த மதிப்பீடுகள் பருவத்துக்குப் பருவம் மாறினாலும் பல இலட்சம் தொன் என்ற அளவில் இருந்தன.

நம் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடி, குறுகியது. தீவைச் சுற்றிச் சராசரியாக 20 கிலோமீற்றர் அளவே அது போகும், பிறகு தரை சரேலென்று ஆழக்கடலுக்குள் இறங்கிவிடும். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுக வாசல்வரை வந்து நிற்கிறது. வடக்கிலும் வடமேற்கிலும் மட்டும்தான் மேடை அகன்று கிடக்கிறது. கரைவலைக்காரரும் சிறுபடகுக்காரரும் பிழைப்பது இந்த ஒடுங்கிய விளிம்பில்தான். விரைவாகக் காலியாகக்கூடிய விளிம்பும் அதுவே.

1981இல் நாரா என்ற தேசிய நீரியல்வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. நல்ல நேரம்தான். ஆனால் 1983இல் நாடு யுத்தத்துக்குள் போனது. வடக்குக் கிழக்குக் கடலில் இரவில் படகு இறக்கவே அனுமதி இல்லாத ஆண்டுகள் வந்தன. கடலை அளக்கும் பேச்சுக்கு இடமே இருக்கவில்லை. நான்சன் மீண்டும் இலங்கைக்கு வந்தது 2018 ஜூன்-ஜூலையில். அதற்கிடையில் 38 ஆண்டுகள் ஓடியிருந்தன. இம்முறை வந்தது அதே பெயருடைய மூன்றாவது கப்பல். 74.5 மீற்றர் நீளம், ஸ்பெயினில் கட்டப்பட்டு 2017இல் சேவைக்கு வந்தது, மீன் வெருளாதபடி இரைச்சலைக் குறைத்து அமைத்த இயந்திரம். மீனோடு மிதவை உயிரிகளையும் நீரின் வெப்பத்தையும் ஒட்சிசன் அளவையும் நுண்பிளாத்திக்கையும் சேர்த்து அளந்தார்கள்.

2018இன் மதிப்பீடு 1978-80 மதிப்பீடுகளைவிட மிகவும் குறைவாக வந்தது. சில செய்திகள் அதைக் கடலின் மரண அறிவித்தல்போல் எழுதின. இங்கேதான் வாசகருக்கு நிதானம் வேண்டும். முன்பு மூன்று பருவம், இப்போது ஒரு பருவம். முன்பு வேறு கருவி, வேறு சரிபார்ப்பு. கரையோரம் ஆழங்குறைந்த நீரில் பெரிய கப்பல் போகவே முடியாது. பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழத்துக்கும் குறைந்த பாக்கு நீரிணை அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறது. இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் சரிவு இருக்கிறது என்பதை ஒதுக்கிவிட முடியாது. படகும் வலையும் பன்மடங்கு பெருகிய நாற்பது ஆண்டுகள் அவை. ஆனால் சரிவு எப்போது தொடங்கியது, மெல்ல நடந்ததா திடீரென்று நடந்ததா, எந்த இனம் முதலில் சரிந்தது என்ற கேள்விகளுக்கு இரண்டு புள்ளிகளால் பதில் சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளுக்கிடையே எந்தக் கோட்டையும் வரையலாம்.

தொடர்ந்து அளக்கும் நாடு

இது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று சொல்வோர் பெருவைப் பார்க்கட்டும். உலகிலேயே பெரிய ஒற்றை இன மீன்பிடி பெருவின் நெத்தலி. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அந்நாட்டுக் கடல் ஆய்வு நிறுவனத்தின் கப்பல்கள் ஒலியும் வலையும் கொண்டு கடலை அளக்கின்றன. எவ்வளவு பிடிக்கலாம் என்பதை அந்த அளவை வைத்துத்தான் அரசு முடிவு செய்கிறது. 2023இல் எல் நினோவின் வெப்பத்தில் கடலில் குஞ்சுகளே மிகுந்திருப்பது தெரிந்ததும், ஆண்டின் முதற்பருவத்தை முழுதாக இரத்துச் செய்தார்கள். தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளருக்கும் அது பெரிய அடி. ஆனால் குஞ்சைப் பிடித்துவிட்டு அடுத்த ஆண்டு வெறுங்கையோடு நிற்பதைவிடச் சிறிய அடி. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவும் 1984 முதல் சாகர் சம்பதா என்ற ஆய்வுக் கப்பலை வைத்திருக்கிறது.

முறையாக அளந்து வைத்திருப்பதன் அருமை ஆபத்து வந்தபோதுதான் தெரியும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கியது. இரசாயனங்களும் மலைமலையாய்ப் பிளாத்திக் குருணைகளும் கடலில் கலந்தன. மீன்வளத்துக்கு என்ன சேதம் என்று கேட்டவுடன் எழும் அடுத்த கேள்வி: சேதத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது? ஆண்டுதோறும் எழுதிவைத்த ஏடு இருக்கும் நாடு, நட்டஈட்டுக்கு எண்ணோடு போய் நிற்கலாம்.

நமக்குத் தேவையானது எட்டாத உயரத்தில் இல்லை. நான்சன் போன்ற பெருங்கப்பல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தால் போதும். இடைப்பட்ட ஆண்டுகளில் எக்கோ சவுண்டர் பொருத்திய நடுத்தரப் படகு ஒன்று, ஒரே கோடுகளில், ஒரே பருவங்களில், ஒரே உருண்டையால் சரிபார்த்த கருவியோடு போய்வரலாம். ஆழங்குறைந்த நீருக்குச் சிறுபடகு போகலாம். மீன் எங்கே எப்போது நிற்கும் என்று அறிந்த மீனவரே அதைச் செலுத்தலாம். பாக்கு நீரிணையில் இரு நாட்டு விஞ்ஞானிகளும் ஒரே முறையில் அளந்தால், கரைகளில் நடக்கும் சண்டைக்கு நடுவே இருதரப்பும் ஏற்கும் ஓர் எண்ணாவது இருக்கும். முடிவுகள் சிங்களத்திலும் தமிழிலும் எல்லோருக்கும் விளங்கும்படி வெளிவர வேண்டும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை பொத்துவில் கரைவலைக்காரருக்கு உள்ளதுபோலவே பசறைத் தோட்டத்துத் தாய்க்கும் உண்டு. பிள்ளையின் தட்டில் விழும் நெத்தலியின் வரவும் விலையும் அதில்தான் தங்கியிருக்கின்றன.

மலையில் இருக்கும் ஒரு மாணவிக்கு இந்தத் துறை தூரமானதும் அல்ல. எதிரொலியின் கணக்கு பௌதிகம், மீனின் நீளமும் முட்டையும் உயிரியல், கோடு வரைந்து சராசரி காண்பது புள்ளிவிபரம். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிப்பவருக்கு இந்த அத்தியாயத்தில் விளங்காதது எதுவும் இருக்காது. நாட்டின் மீன் கணக்கெடுப்புக்கு நிலையான ஆண்டு நிதி, தொடர்ந்து பயிற்சி பெறும் இளைஞர், முடிவுகளுக்குக் கட்டுப்படும் சட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குவது கடற்கரை மக்களின் வேலை மட்டும் அல்ல. கடலின் மீனைச் சாப்பிடும் எல்லோருடைய வேலையும்தான்.